வலைஞர் வீட்டுச் சாடி

கல்பாக்கம் கரையும் அடங்கிய தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் மனையில் மது வடித்த முறையை நாம் காண்கிறோம். மதுவைப் போற்றுதல் நம் நோக்கமன்று. அக்கைத்திறனே நம்மைக் கவர்கிறது. குற்றாத அரிசியைக் கூழாக்கி, அகன்ற தட்டில் ஆற்றி, இடித்த நெல்முளையைக் கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் வைத்துப் பிழிந்தனர். முளையின் நொதி மாவைச் சர்க்கரையாக்கும். பார்லி முளையில் பீர் விளைவதும் இவ்வாறே. பீரைப் புட்டியில் அடைப்போர் சிறிது சர்க்கரையிட்டு இறுக மூடி, வாயு கரைய ஓரிரு வாரம் காத்திருப்பர். வலைஞரோ புதுப்பிழிவையே, சுட்ட மீனோடு, வழிநடந்து தளர்ந்த பாணனுக்கு ஈந்தனர்.

2023 மே மாதத்தில் இக்கரையின் தெற்கே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் நச்சுச் சாராயம் அருந்தி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதில் நெல்முளை இல்லை. தொழிற்சாலை மெத்தனாலே இருந்தது.