போடிமெட்டும் பாம்பனும்: இராத்தங்கும் இடங்கள் இரண்டு

கொச்சியில் கிளம்பும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை என்று வந்து தொண்டியில் கடலைத் தொடுகிறது. மேலைக்கடலையும் கீழைக்கடலையும் ஏலமலை வழியாக இணைக்கிற சாலை. அதன் மேற்கு முனையில், கொச்சி போல்காட்டித் தீவில், உலகம் சுற்றும் பாய்ப்படகுக்காரர்கள் படகைக் கட்டிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுத் தூங்க மரீனா இருக்கிறது. கிழக்கு முனையில் அப்படி எதுவும் கிடையாது. தொண்டிக் கரையில் கடல் அவ்வளவு ஆழமற்றது. வல்லங்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரத்தில் நிற்க, ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தோ சிறு வத்தையிலோ வந்து சேர்வார்கள்.

இந்தச் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பயணங்களை ஒப்பிடத் தோன்றுகிறது. போடியிலிருந்து மலையேறுகிறவர் எங்கே இரவு தங்குகிறார்? தொண்டியிலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டியே சிறுபடகில் போகிறவர் எங்கே தங்குகிறார்? ஒப்பீடு வலிந்து செய்ததல்ல. இரண்டு இடங்களையும் ஆள்வது ஒரே காற்றுதான். ஆனி, ஆடியில் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கித் தேனிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றும் தென்மேற்குக் காற்று, இராமநாதபுரக் கரையில் கச்சானாக மன்னார் வளைகுடாவைக் கலக்குகிறது. ஐப்பசியில் வாடை திரும்பினால் பாக் விரிகுடா கொந்தளிக்கும். அதே பருவத்தின் மழை போடி மலைச்சரிவில் விழுந்து கொட்டகுடி ஆற்றைப் பெருக வைக்கும்.

மலையில் தங்குமிடத்தை முடிவு செய்வது தண்ணீரும் ஏற்றமும். சுமையோடு ஏறுகிறவர் எவ்வளவு தூரத்தில் களைப்பார், எங்கே ஊற்று இருக்கிறது என்பவை பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் ஒருமுறை தங்கிய இடமே மறுமுறையும் தங்கும் இடமாகி, நாளடைவில் கட்டடமும் பெயரும் பெற்றுவிடும். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போகும் பாதையே சான்று. மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்கு வந்து, பின்னர் கப்பலேறி இங்கிலாந்து போனது. 1908இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கம்பிவழியும் போயிற்று. ஆனாலும் நடுவழியில் இருக்கும் குடியிருப்பை மக்கள் இன்றும் ‘சென்ட்ரல்’ என்றுதான் சொல்கிறார்கள். மேலே, ஏலத்தோட்டங்களில், தொழிலாளர் தங்கும் லயங்களும் இடம் மாறுவதில்லை. போடி மலைக்கிராமங்கள் சிலவற்றுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் இன்னும் குதிரை முதுகில்தான் போகிறது. அதைக் கொண்டுபோகும் அலுவலர்களும் பழைய இடத்தில்தான் படுக்கிறார்கள்.

கடலில் இந்த நிலைத்தன்மை கிடையாது. இராமேசுவரம் தீவும் மண்டபம் முனையும் இரண்டு கடல்களுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டுகள். வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மண்டபத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். கச்சான் வீசும் மாதங்களில் படகுகள் வடகரையில் நிற்கும். வாடை பிறந்ததும் அதே படகுகள் தென்கரைக்கு மாறும். ஆடியில் குழந்தை இறங்கி விளையாடக்கூடிய வடகரையில் கார்த்திகையில் நங்கூரம் போட்டால் காலையில் படகு மணலில் கிடக்கும். ஆக, கடலோடிக்கு ‘நல்ல இடம்’ என்று தனியாக ஒன்றில்லை; மாதத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது இடமாகும்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். போடிமெட்டு ஆயிரம் மீட்டருக்கும் மேலே நிற்கிறது. தனுஷ்கோடி மணல்திட்டு சில மீட்டர் உயரம்கூட இல்லை. ஆடியில் அவ்வளவு பெரிய மலை, மழையை மறித்துவிடுகிறது, காற்றை மறிப்பதில்லை. போடியில் அந்த மாதங்களில் மழை பெய்யாமலே புழுதி பறக்கும். மணல்திட்டோ காற்றையும் மறிப்பதில்லை, மழையையும் மறிப்பதில்லை. அலையை மட்டும் அறுத்துவிடுகிறது. திறந்த கடலில் நெடுந்தூரம் உருண்டு வந்து வளர்ந்த அலை அந்த மணலில் முட்டி நின்றுவிட, மறுபுறம் காற்று சீழ்க்கையடித்தாலும் தண்ணீர் மேடுபள்ளம் இல்லாமல் கிடக்கும். சிறுபடகுக்கு அது போதும். படகைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அலைதான். மறைப்பின் உயரத்தைப் பார்த்து மயங்கும் மலைக்காரருக்கு இது எளிதில் பிடிபடாது.

கடலடித் தரையின் இயல்பும் இடத்துக்கு இடம் வேறு. பாக் விரிகுடாவின் சேற்றிலும் மணலிலும் நங்கூரம் கவ்விப் பிடிக்கும். மன்னார் வளைகுடாவில் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, உண்டு. பாரில் விழுந்த நங்கூரம் சிக்கிக்கொள்ளும், கயிறு உராய்ந்து அறும், பவளமும் உடையும். முன்பெல்லாம் தெற்கே போகிறவர்களுக்குத் தீவுகளே சத்திரம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் ஏதோ ஒன்றின் கரைப்பக்கம் ஒதுங்கி, இறங்கிச் சோறாக்கித் தூங்கலாம். 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு அனுமதியின்றித் தீவில் கால் வைக்க முடியாது. பவளத்துக்கு அது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வடகடலில் கச்சத்தீவு இன்னொரு தங்குமிடமாக இருந்தது. குடிநீர் இல்லாத தீவுதான். வலை உலர்த்தவும் உடம்பைச் சாய்க்கவும் ஆகும். 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது இலங்கைக்குப் போய்விட்டது. இன்று இங்கிருந்து போகிறவர்கள் அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குத்தான் போகிறார்கள்.

மலையிலும் கதவுகள் சாத்தப்பட்டன. 2018 மார்ச் 11 அன்று, குரங்கணியிலிருந்து ஏறிக் கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் அனுமதியில்லாமல் அந்தப் பாதையில் போவதற்கில்லை. ஆனால் மலையில் மூடப்பட்ட தங்குமிடத்துக்கு மாற்று உண்டு: கீழே இறங்கிப் போடியில் படுக்கலாம். கடலில் ஒரு தீவு மூடப்பட்டால் அடுத்த ஒதுக்கிடம் கீழக்கரையோ மூக்கையூரோ. அதுவரை ஓடியே ஆகவேண்டும்.

ஐப்பசி மழையில் போடிமெட்டுச் சாலையில் பாறை சரிந்தால் முந்தல் சோதனைச்சாவடியிலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள். பயணி சலித்துக்கொண்டு திரும்புவார், அவ்வளவுதான். அதே ஐப்பசியில் தேவிபட்டினத்திலிருந்து தெற்கே கிளம்பும் சிறு வல்லத்தை நடுக்கடலில் நிறுத்த யாருமில்லை. பாம்பன் வரை வாடைக்கு முகம் கொடுத்த கரைதான்; ஒதுங்க மூலை கிடையாது. பெரிய படகென்றால் பாம்பன் ரயில் தூக்குப்பாலம் திறக்கக் காத்துக்கிடக்க வேண்டியும் வரும்; 1914இல் கட்டிய பாலத்திலும் அப்படித்தான், 2025இல் திறந்த புதுப்பாலத்திலும் அப்படித்தான். சிறு வல்லம் பாலத்துக்கடியில் நுழைந்துவிடலாம், ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே. ஆகவே கிளம்புகிறவர் விடியுமுன் நங்கூரத்தை எடுத்து, பொழுது சாய்வதற்குள் பாம்பன் கால்வாயைக் கடந்து தென்புறம் குந்துகால் பக்கம் சேர்ந்துவிடக் கணக்குப் போடுகிறார். கணக்கு உதைத்தால் அன்றைக்குக் கிளம்புவதில்லை.