மன்றோவின் குத்துமதிப்பு

போன மே மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். ப்ராடக்ட் மேனேஜராக மாற வேண்டும் என்று மூன்று மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, ஒரு மாக் இன்டர்வியூ வைங்க. மத்ததெல்லாம் சமாளிச்சிருவேன். இந்த எஸ்டிமேஷன் கேள்விதான் உதைக்குது.”

எங்கள் ஊர் வத்திராயிருப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். பிளவக்கல் அணைத் தண்ணீரில் நெல்லும், கண்ணுக்கு எட்டிய வரை தென்னையும். ஏதாவது வாங்க வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். அதனால் கேள்வியும் அங்கிருந்தே வந்தது. “ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிறவங்க டூவீலருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் போடுவாங்க?”

அவள் தயங்கவில்லை. பேப்பரில் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள். “2011 சென்சஸ்ல ஊர் ஜனத்தொகை சுமார் 75,000. அதுல பாதி பொம்பளைங்க. கழிச்சா 37,500. சின்னப் பசங்க, வயசானவங்க போக ஒரு 20,000. ரெண்டு பேருக்கு ஒரு வண்டின்னு வச்சா 10,000 வண்டி. வண்டிக்கு அரை லிட்டர். மொத்தம் 5,000 லிட்டர்.”

அனுமானங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், எண்களை உருட்டிக்கொண்டாள். புத்தகம் சொல்லும் முறைப்படி எல்லாம் சரி. நான் ஒன்றுதான் கேட்டேன். “வாசல்ல நிக்கிற ஸ்கூட்டி யாரோடது?”

அவளுடையது. கிருஷ்ணன்கோவில் வரை நான்கு வருடம் கல்லூரிக்கு அதில்தான் போய் வந்தாள். ஒரு நொடி முழித்துவிட்டுச் சிரித்தாள். “என்னையவே கழிச்சிட்டேன்ல!”

நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கழித்தலை நான் ஏற்கெனவே ஓர் இடத்தில் பார்த்திருந்தேன். ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்னால், சென்னை மாகாணத்தின் கவர்னர் கையெழுத்திட்ட ஒரு குறிப்பில்.

*

அதற்குப் போகும் முன், இந்த மாதிரிக் கேள்வி எப்படி வேலைக்கான இன்டர்வியூவுக்குள் வந்தது என்று பார்த்துவிடலாம். வழக்கமாகச் சொல்லப்படும் மூலவர் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோது, சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி நின்ற ஃபெர்மி கையிலிருந்த காகிதத் துண்டுகளைக் கீழே விட்டார். அதிர்வலை அவற்றைச் சுமார் இரண்டரை மீட்டர் தள்ளியது. அதை வைத்து, வெடிப்பு 10,000 டன் டி.என்.டி.க்குச் சமம் என்று கணித்தார். உண்மையான அளவு அதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். காகிதத் துண்டுக்கு அது மோசமில்லை. சிகாகோவில் எத்தனை பியானோ ட்யூனர்கள் இருப்பார்கள் என்று மாணவர்களைக் கேட்டதாகச் சொல்லப்படுவதும் இவரைப் பற்றித்தான்.

இந்த வகைக் கேள்வியைக் கன்சல்டிங் கம்பெனிகளும் மென்பொருள் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. மைக்ரோசாஃப்டின் புதிர்க் கேள்விகளைப் பற்றி 2003-இல் வில்லியம் பவுண்ட்ஸ்டோன் ஒரு புத்தகமே எழுதினார். பத்து வருடம் கழித்து, 2013-இல், கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற கேள்விகள் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நேர விரயம் என்று நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் ஒப்புக்கொண்டார். கோல்ஃப் பந்து போனது. ஆனால் சந்தையின் அளவைக் கணிக்கும் கேள்வி போகவில்லை. ஒரு ப்ராடக்டை யாருக்காகச் செய்கிறோம், அவர்கள் எத்தனை பேர் என்பது அந்த வேலையின் அன்றாடக் கேள்வி என்பதுதான் காரணம்.

*

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு என்று நினைத்தே நானும் என் இருபதுகளில் தயாரானேன். பிறகுதான் கணக்கதிகாரம் கண்ணில் பட்டது. காரிநாயனார் இயற்றிய பழைய தமிழ்க் கணித நூல். நிலம், பொன், நெல், கூலி என்று அளவைகளைச் செய்யுளில் சொல்லிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் பலாப்பழத்தை வெட்டாமலேயே உள்ளே எத்தனை சுளை என்று அறியும் வழியைச் சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். நூறு முள்ளுக்கு நூற்றிருபது சுளை.

தென்காசிப் பக்கமிருந்து வந்த பழங்களை வாங்கி நானும் பார்த்தேன். ஒன்றில் கிட்ட வந்தது, இன்னொன்றில் நன்றாகவே தள்ளிப்போனது. ஆனால் இந்த விதியின் பின்னால் ஒரு நல்ல கவனிப்பு இருக்கிறது. பலா தனிக்கனி அல்ல, பல பூக்கள் சேர்ந்து ஒன்றாகும் கூட்டுக்கனி. தோலில் உள்ள ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் அடையாளம். கருவுற்ற பூ சுளையாகிறது, மற்றது சக்கையாகிறது. வெளியே எண்ண முடிந்ததற்கும் உள்ளே எண்ண முடியாததற்கும் ஏதோ ஒரு விகிதம் இருக்கும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். அது ஃபெர்மியின் யோசனைதான். ஒரு வித்தியாசம், பலாப்பழத்தை அன்று மாலையே வெட்டிப் பார்த்துவிடலாம்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. தராசும் மரக்காலும் நிலமும் கூலியும்தான் அந்தக் கணக்கின் உலகம். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் உட்கார முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிகள் மொத்தம் எத்தனை என்ற கேள்வியைக் கேட்டவர்தான் நான் சொல்ல வந்த கவர்னர், சர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருப்பாரே, அவர்.

*

1822-இல் மன்றோ, மாகாணத்தின் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். எத்தனை பள்ளி, எத்தனை மாணவர்கள், என்ன சாதி, ஆணா பெண்ணா என்று கட்டம் போட்ட படிவம். அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது (ராமநாதபுரம் ஜில்லா உருவானது 1910-இல்தான்). மூன்று வருடம் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. கன்னடா ஜில்லாக் கலெக்டர் எண்களே அனுப்பவில்லை.

வந்ததைக் கூட்டிய வருவாய் வாரியம், ஜனத்தொகையில் 67 பேரில் ஒருவர்தான் கல்வி பெறுகிறார் என்று முடித்தது. மொத்தப் பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650, ஜனத்தொகை 1,28,50,941. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதுதான் வரும். கணக்கில் தப்பில்லை.

1826 மார்ச் 10 தேதியிட்ட குறிப்பில் மன்றோ இதை மறுத்தார். அவர் செய்ததைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏதோ நல்ல கேண்டிடேட்டின் ஒயிட்போர்டைப் பார்ப்பது போல. மொத்த ஜனத்தொகையால் வகுப்பது நியாயமில்லை என்கிறார். அறுபது வயதுக் கிழவர் பள்ளிக்கூடம் போக மாட்டார். ஆகவே ஜனத்தொகை 1,28,50,000 என்று உருட்டிக்கொள்கிறார். பெண்களுக்காகப் பாதியைக் கழிக்கிறார். மீதி 64,25,000. பள்ளிக்குப் போகும் வயது ஐந்திலிருந்து பத்து, அந்த வயதுப் பையன்கள் ஆண்களில் ஒன்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறார். 7,13,000. பள்ளியில் இருக்கும் பையன்களோ 1,84,110. ஆக, நாலில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்.

அதோடு விடவில்லை. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள் இந்த எண்ணில் இல்லை என்கிறார். சென்னை நகரத்தில் மட்டும் அப்படிப் படிப்பவர்கள் 26,963 என்று ஒரு கணக்கு வந்திருந்தது, பள்ளியில் படிப்பவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். அந்த எண்ணில் ஏதோ பிழை இருக்கலாம் என்று அவரே சந்தேகப்படுகிறார். பிழை இருந்தாலும் வீட்டில் படிப்பவர்கள் கணிசமாக இருக்கத்தான் வேண்டும், ஆகவே உண்மை நாலில் ஒன்றைவிட மூன்றில் ஒன்றுக்குப் பக்கமாக இருக்கும் என்று முடிக்கிறார்.

ஒரே தரவு. வாரியத்துக்கு அது 67-இல் ஒன்று. மன்றோவுக்கு மூன்றில் ஒன்று. வித்தியாசம் எல்லாம் எதால் வகுத்தார்கள் என்பதில் இருக்கிறது. ‘அறிவில்லாத நாடு’ என்று சொல்ல நினைப்பவருக்கு முதல் எண், ‘ஏற்கெனவே படிப்பு இருந்த நாடு’ என்று சொல்ல நினைப்பவருக்கு இரண்டாவது. 1931-இல் லண்டனில் காந்தி, பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவின் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்று பேசியபோது பிலிப் ஹார்டாக் ஆதாரம் கேட்டு மல்லுக்கு நின்றார். அந்தச் சண்டையிலும் இந்தப் பழைய எண்கள் வந்தன. 1983-இல் தரம்பால் அந்த ஆவணங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அதில்தான் நானும் இவற்றைப் பார்த்தேன்.

முதல் முறை படித்தபோது மன்றோ பக்கம் கைதட்டினேன். இரண்டாம் முறை படித்தபோது அந்த ‘பாதியைக் கழித்து’ என்ற இடத்தில் நின்றேன். மொத்த மாணவர்களிலிருந்து பையன்களைக் கழித்தால் 4,540 வருகிறது. ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் பேர் இருந்த மாகாணத்தில் பள்ளிக்கூடம் போன பெண் குழந்தைகளின் எண்ணிக்கை அது. மன்றோ அதை மறைக்கவில்லை, படிவத்தில் பெண்களுக்குக் கட்டம் வைத்ததே அவர்தான். ஆனால் விகிதம் கண்ணியமாகத் தெரிவதற்காக அறுபத்து நாலு லட்சம் பேரைக் கீழ் எண்ணிலிருந்து எடுத்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அன்று அது கேட்க வேண்டிய கேள்வியாகவே தெரிந்திருக்காது.

*

குத்துமதிப்பு தப்பினால் யாருக்கு நஷ்டம் என்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு. எங்கள் ஊரில் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்க வரும் வியாபாரியை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தோப்புக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார், அண்ணாந்து பார்ப்பார். எல்லா மரத்தையும் எண்ண மாட்டார். அங்கொன்று இங்கொன்றாகக் குலையை எண்ணுவார். காய்ப்பு மரம் எத்தனை, வண்டு விழுந்தது எத்தனை என்று பிரித்துக்கொள்வார். மலைப்பக்கத்துக் கடைசி வரிசையைப் பாதியாகத்தான் கணக்கில் சேர்ப்பார், பன்றிக்கும் அணிலுக்கும் போனது போக. கண்திட்டம் என்று இதற்குப் பெயர். தப்பினால் அவர் பணம் போகும், அதனால் அடுத்த வெட்டில் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்வார்.

அரசாங்கத்தின் கண்திட்டம் வேறு ரகம். விளைச்சல் எத்தனை அணா என்று அதிகாரி வயலைப் பார்த்துச் சொல்வார். ரூபாய்க்குப் பதினாறு அணா, முழு விளைச்சல் பதினாறு. தப்பினால் நஷ்டம் வரப்பில் நிற்பவனுக்கு. 1940-களில் பான்சே, சுகாத்மே போன்ற புள்ளியியலாளர்கள் இந்தப் பார்வைக் கணக்குக்கு மாற்றாக ஒரு முறையை வளர்த்தார்கள். குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்து, அதில் ஒரு துண்டை அளந்து, அறுத்து, எடை போட்டுப் பார்ப்பது. பலாப்பழத்தை வெட்டிப் பார்ப்பது போலத்தான். இன்றும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீட்டை முடிவு செய்வதில் இந்தப் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் பெரிய பங்கு உண்டு. துண்டு எங்கே விழுகிறது என்பதில் ஒரு ஊரின் பணம் இருக்கிறது.

இன்டர்வியூவில் பழத்தை வெட்டுவதில்லை. 5,000 லிட்டர் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். எனக்கே ஒரு முறை அப்படி நடந்தது. குழந்தைகளுக்கான படிப்பு ஆப் ஒன்றின் சந்தையைக் கணிக்கச் சொன்னார்கள். சொந்த ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளை முதல் வரியிலேயே கழித்தேன். பாராட்டினார்கள், வேலையும் கிடைத்தது. இரண்டு வருடம் அந்தக் கழித்தலுக்கு மேல்தான் ப்ராடக்டைக் கட்டினோம். ஒரே போனை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீடு எங்கள் டிசைனில் எங்கேயும் வரவில்லை. அந்த மாதிரி வீட்டிலிருந்துதான் நான் வந்திருந்தேன், என் காலத்தில் போனுக்குப் பதில் ஒரே நோட்ஸ்.

*

இதையெல்லாம் திண்ணையில் அவளிடம் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. “இவ்வளவு பெரிய கதைக்கு நான் இன்டர்வியூல என்னண்ணே பண்ணணும்?” என்றாள். நியாயமான கேள்வி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பெருக்குவதில் யாரும் பெரிதாகத் தோற்பதில்லை. கழிக்கும்போது நில். யாரைக் கழிக்கிறேன், ஏன் கழிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல். இந்த வரி தப்பினால் விடை எத்தனை மடங்கு மாறும் என்று பார். கடைசியில், இதைச் சரிபார்க்க வேண்டுமென்றால் எந்தப் பழத்தை வெட்டுவேன் என்பதையும் சொல். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்.

அவள் பேப்பரைத் திருப்பிப் போட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை ஆளை எண்ணவில்லை, வீட்டை எண்ணினாள். 75,000 பேர், வீட்டுக்கு நாலு பேர், ஏறக்குறைய 19,000 வீடு. மூன்று வீட்டுக்கு இரண்டு வண்டி. 12,500 வண்டி. வண்டிக்கு அரை லிட்டர் கொஞ்சம் அதிகம், கால் லிட்டர் போதும் என்றாள். மொத்தம் 3,000 லிட்டர் சொச்சம்.

“முதல்ல சொன்னதைவிடக் குறையுதே” என்றேன்.

“குறையட்டும். நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போறேன்ல, ஒரு பங்க்ல அரை மணி நேரம் நின்னு எண்ணிப் பாத்துட்டு வரேன். எத்தனை பொம்பளைங்க வண்டின்னும் தனியா எண்றேன்.”

மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.