மரச்சிமிழ் கடைதல்

மரச்சிமிழ் கடைதல் என்பது, சுழலும் மரத்துண்டை உளியால் செதுக்கி, மூடியுடன் கூடிய சிறு பெட்டியாக உருவாக்கும் மரவேலை முறை ஆகும். குங்குமச் சிமிழ், நகைச் சிமிழ், மூடியிட்ட அலங்காரப் பேழை முதலியன இவ்வாறு செய்யப்படுகின்றன. இதற்குப் பயன்படும் கடைசல் இயந்திரம் பட்டறைகளில் லேத் என்றே அழைக்கப்படுகின்றது. பலகைகளை இணைத்துச் செய்யும் பெட்டியில் மூட்டுகள் இருக்கும். கடைந்த சிமிழிலோ மூடியும் அடிப்பகுதியும் ஒரே கட்டையிலிருந்து வருகின்றன. மரத்தின் ரேகை மூடியிலிருந்து அடிப்பகுதி வரை முறியாமல் தொடர்வது நல்ல சிமிழின் அடையாளம் எனலாம்.

பொருள் சிறியது என்பதால் இது ஆபத்தற்ற வேலை என்று பலர் கருதுவதுண்டு. இது சரியன்று. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 2500 முறை சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது. மேலும், சிமிழ் வேலையில் மட்டும் வரும் சில ஆபத்துகளும் உண்டு.

பின்னணி

எகிப்தில் கி.மு. 300 அளவில் அமைக்கப்பட்ட பெத்தோசிரிசு என்பவரின் கல்லறைச் சுவரில் கடைசல் வேலையைக் காட்டும் புடைப்புச் சிற்பம் ஒன்று உள்ளது. அதில் ஒருவர் வாரை மாறி மாறி இழுத்து மரத்தைச் சுழற்ற, மற்றவர் உளியைப் பிடித்திருக்கின்றார். வாராலும் வில்லாலும் இயங்கிய இத்தகைய இயந்திரங்களில் மரம் முன்னும் பின்னுமாகவே சுழலும். எனவே ஒரு திசையில் சுழலும்போது மட்டுமே செதுக்க முடியும். தற்கால மின் இயந்திரத்தில் இந்தத் தடை இல்லை. ஆனால் கை இழுப்பதை நிறுத்தியதும் நின்றுவிடும் பழைய இயந்திரத்தின் பாதுகாப்பும் அதில் இல்லை.

மரம்

சிமிழுக்கு நன்கு உலர்ந்த, வெடிப்பும் முடிச்சும் இல்லாத கட்டை தேவை. மரம் உலரும்போது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிப்புறமாக ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும். நார் ஓடும் நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. இதனால், வட்டமாகக் கடைந்த சிமிழ் சில வாரங்களில் நீள்வட்டமாகி, மூடி இறுகிப் போகும் அல்லது ஒரு நிலையில் மட்டும் பொருந்தும். நார் சுழலும் அச்சுக்கு இணையாக ஓடும்படி கட்டையை அமைப்பதும், முதலில் தடிப்பாகக் குடைந்து சில வாரங்கள் வைத்திருந்து பின்னர் இறுதி அளவுக்குக் கடைவதும் இதற்கான தீர்வுகள் ஆகும்.

கடையும் முறை

சதுரக் கட்டையின் இரு முனைகளிலும் மையம் குறித்து, அதை இயந்திரத்தின் இரு முனைகளுக்கிடையே பொருத்தி, நகவுளியால் உருளையாக்குவர். உருளையின் இரு கோடிகளிலும் சக்கின் தாடைகள் கவ்வுவதற்கு ஏற்ற முளைகள் கடையப்படும். பின்னர் மூடிக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒடுங்கிய உளியால் வெட்டிப் பிரிப்பர். வெட்டில் வீணாகும் மரம் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்கு ரேகை பொருந்தும். ஆயினும் மிக ஒடுங்கிய பிளவில் உளி நெரிபட்டு உதறக்கூடும் என்பதால், பிளவைச் சற்று அகலப்படுத்திக்கொண்டு செல்வதும், கடைசிச் சில மில்லிமீட்டரை இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைவாளால் அறுப்பதும் நல்லது.

முதலில் குடையப்படுவது மூடியே. அதன் உள்விட்டத்தை அளந்த பின்னரே அடிப்பகுதியின் கழுத்து கடையப்படும். உட்புறத்தைக் குடையும்போது மையத்திலிருந்து விளிம்பை நோக்கி உளியைச் செலுத்தினால் நார்கள் பிய்யாமல் வெட்டுப்படும். கழுத்து அளவை நெருங்கியதும், இயந்திரத்தை நிறுத்தி மூடியை இலேசாக வைத்துத் திருப்பிப் பார்ப்பர். உரசிய இடத்தில் தோன்றும் மினுமினுப்பான கோடு இன்னும் எவ்வளவு செதுக்கவேண்டும் என்பதைக் காட்டும். இந்தக் கட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூடச் செதுக்கிவிட்டால் மூடி தளர்ந்துவிடும்.

மூடி இறுக்கமாக இருக்கும்போதே அதை அடிப்பகுதியின் மேல் பொருத்தி, இரண்டின் வெளிப்புறத்தையும் சேர்த்துக் கடைவர். கையால் திறக்கும் அளவுக்குக் கழுத்தைத் தளர்த்துவது இதற்குப் பின்னரே.

பாதுகாப்பு

மேற்கூறிய கடைசிப் படியே கூடுதல் கவனம் வேண்டுவது. அப்போது மூடியைப் பிடித்திருப்பது உராய்வு மட்டுமே. உளி சற்றுச் சிக்கினாலும் மூடி முகத்தை நோக்கிப் பறக்கலாம். ஆகவே இயலும்வரை பின்முனையை மூடியின் மீது முட்டுக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி போதாது, முழு முகக் கவசம் தேவை. இயந்திரத்தை முடுக்கும்போது கட்டை பறக்கக்கூடிய நேர்க்கோட்டில் நிற்கலாகாது.

சுழலும் சிமிழுக்குள் விரலை விடுவது மற்றொரு தவறு. உட்புறம் வழவழப்பாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கும் ஆவல் இயல்பானதே. ஆனால் விரல் உள்ளே சிக்கினால் அதை எடுக்க வழியில்லை. விட்டத்தை அளப்பதும் தொட்டுப் பார்ப்பதும் இயந்திரம் முழுமையாக நின்ற பின்னரே செய்யப்படவேண்டும். உட்புறத்துக்கான உப்புத்தாளை விரலில் சுற்றாமல், சிறு குச்சியில் ஒட்டிப் பயன்படுத்தலாம். வெளிப்புறத்தைத் தேய்க்கும் முன் உளி தாங்கியை அகற்றிவிட வேண்டும்.

வேகத்துக்குக் கடைசற்காரரிடையே ஒரு தோராய விதி உண்டு. மில்லிமீட்டரில் விட்டத்தையும் நிமிடச் சுழற்சியையும் பெருக்கினால் 1,50,000 முதல் 2,30,000 வரை வரலாம். சதுரக் கட்டையை உருளையாக்கும்போதும், பழக்கமில்லாதவர் கடையும்போதும் இதில் பாதியே போதும். உளி தாங்கியை மரத்துக்கு அருகில் வைத்து, கட்டை எங்கும் இடிக்கவில்லை என்பதைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பின்னரே மின்சாரம் தரவேண்டும். உளி முதலில் தாங்கியையும் பின்னரே மரத்தையும் தொட வேண்டும். இவ்வரிசை மாறினால் உளி கையிலிருந்து பிடுங்கப்படும்.

கையுறை, தொங்கும் சட்டைக்கை, துப்பட்டா, சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் தண்டுக்கு அருகே இருக்கக் கூடாது. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில், இரவில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த மாணவி ஒருவரின் கூந்தல் உலோகம் கடையும் இயந்திரத்தில் சிக்கி அவர் உயிரிழந்தார். மெருகேற்றத் துணியைக் கையில் சுற்றுவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. மென்தாள் சிக்கினாலும் கிழிந்துவிடும், துணி கிழியாமல் கையையும் இழுத்துச் செல்லும்.

மரத்தூளின் தீங்கு உடனே தெரிவதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் சேர்த்தது. மூக்குப் பகுதியில் வரும் புற்றுநோயே இதில் முக்கியமானது. ஈட்டி போன்ற சில மரங்களின் தூள் தோலிலும் ஒவ்வாமை உண்டாக்கும். மூக்கை மறைக்கும் கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. தூள் வடிகட்டும் முகமூடியும், தூளை உறிஞ்சி வெளியேற்றும் வசதியும் தேவை.

அரக்குச் சிமிழ்கள்

கருநாடகத்தின் சென்னபட்டணத்திலும் ஆந்திரப் பிரதேசத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் வெட்பாலை மரத்தில் பொம்மைகளும் குங்குமச் சிமிழ்களும் கடையப்படுகின்றன. இரண்டு ஊர்களின் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றவை. ஏட்டிகொப்பாக்காவுக்கு இது 2017இல் கிடைத்தது. இங்கு தூரிகையால் வண்ணம் பூசுவதில்லை. நிறம் சேர்த்த அரக்குக் கோலைச் சுழலும் சிமிழின் மீது அழுத்துவர். உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின் மீது படியும். பின்னர் காய்ந்த தாழை மடலை வைத்து அழுத்த, அரக்கு சீராகப் பரவிப் பளபளப்படையும்.