கோர்ட்டு மொழியும் சமரச மேசையும்

நம் வீடுகளில் நிலத் தகராறு என்று பேச்செடுத்தாலே பெரியவர்கள், "கோர்ட்டுப் படி மட்டும் ஏறாதப்பா" என்பார்கள். செலவும் அலைச்சலும் எல்லா ஊருக்கும் பொதுவான காரணங்கள். நான் பிறந்த மார்டள்ளிப் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அது மொழி.

கொள்ளேகால் தாலுகா 1956 அக்டோபர் வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 1 அன்று, மாநிலச் சீரமைப்பின்படி, மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டம் பிரிந்தபோது நாங்கள் சாமராஜநகர் மாவட்டத்துக்காரர்கள் ஆனோம். முன்பு ஐகோர்ட்டு அப்பீல் என்றால் சென்னை, பிறகு பெங்களூர். கீழ்க் கோர்ட்டுகளில் காலப்போக்கில் கன்னடம் நிலைபெற்றது. மாநில மொழியில் நீதி நடப்பது நியாயமே. ஆங்கிலம் அறியாத கன்னட விவசாயிக்கு அது பெரிய விடுதலை. ஆனால் தமிழ் மட்டுமே பேசும் எங்கள் ஊர் அம்மாவுக்கு, தன் பாகப்பிரிவினை வழக்கில் என்ன நடக்கிறது என்பது வக்கீல் சொன்னால்தான் தெரியும்.

இந்தப் பூட்டுக்கு ஒரு சாவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1996இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த அகமதி அவர்களின் அழைப்பின்பேரில், அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் இயங்கும் சட்ட அமைப்புகள் ஆய்வு நிறுவனம் ஒன்று இந்திய நீதிபதிகளோடும் வழக்கறிஞர்களோடும் சேர்ந்து, வழக்குகள் தேங்குவது ஏன் என்று ஆராயத் தொடங்கியது. அமெரிக்காவில் தாக்கலாகும் சிவில் வழக்குகளில் மிகச் சிலவே முழு விசாரணை வரை போகின்றன. மற்றவை பெரும்பாலும் பேசித் தீர்கின்றன. அந்த அனுபவத்தின் சாயலை, சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1999இல் சேர்த்த 89ஆம் பிரிவில் காணலாம். தீரக்கூடிய வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப நீதிபதிக்கு அது வழி செய்தது.

வழக்கறிஞர்கள் பலர் இந்தத் திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தார்கள். 2002 ஜூலை 1 அன்றுதான் அவை நடைமுறைக்கு வந்தன. உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடியது யார் தெரியுமா? எங்கள் ஊரிலிருந்து பாலாறு, மேட்டூர் வழியாகப் போனால் வருகிற சேலத்தின் வழக்கறிஞர் சங்கம்தான்! 2002லும் 2005லும் வந்த தீர்ப்புகள் சட்டத்தை நிலைநிறுத்தின; அதை நடத்தும் முறையையும் வகுத்தன. சேலம் தொடுத்த வழக்கு தோற்றும் நாட்டுக்கு ஒரு வழிகாட்டியைக் கொடுத்தது.

2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதை அமைப்பதில் முன்னின்றார். 2007 ஜனவரி 1 அன்று பெங்களூர் மையம் பிறந்தது. இரண்டு இடத்திலும் தொடக்கப் பயிற்சிக்கு அமெரிக்கக் குழு உதவியது. நடத்துகிறவர்கள் நம் வக்கீல்களே.

"இதென்ன புதுசு? நம்ம ஊர்ப் பஞ்சாயத்துதானே?" என்று கேட்கலாம். இல்லீங்க. பஞ்சாயத்தில் பெரியதனக்காரர் தீர்ப்புச் சொல்வார். பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள். இங்கே சமரசர் தீர்ப்பே சொல்லக் கூடாது. இரு தரப்பும் ஒரே மேசையில் சமமாக உட்கார வேண்டும். பேசியது ரகசியம், கோர்ட்டில் சாட்சியமாகாது. ஒத்துவராவிட்டால் வழக்கு மீண்டும் நீதிபதியிடமே போகும்.

எல்லைத் தமிழருக்கு இதில் முக்கியமானது எது? இந்த மேசையில் சாட்சியம் பதிவதில்லை; ஆகவே கோர்ட்டு மொழி என்ற கட்டும் இல்லை. அந்த அம்மா தன் வாயால், தன் தமிழில், தன் நியாயத்தைச் சொல்லலாம். 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய சமரசச் சட்டமும், இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் மொழியில் பேச்சு நடக்கலாம் என்கிறது.

ஆனால் உரிமை தானாக வீடு தேடி வராது. கர்நாடகத்தில் 'மத்யஸ்திகெ' என்று சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு உங்கள் வழக்கு போகுமானால், தமிழ் தெரிந்த சமரசர் வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். ஒப்பந்தம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படும். தமிழில் வரிவரியாகச் சொல்லக் கேட்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். சமாதானமாகப் போ என்று சொந்தபந்தம் நெருக்கினால், வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அயல்நாட்டு உதவியால் ஒரு முறை வந்து சேர்ந்தது, சரி. அந்த மேசையில் நம் ஊர்ப் பேச்சு ஒலிக்க வேண்டுமானால், நாம்தான் கேட்க வேண்டும். படித்த பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது இதையும் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.