அன்னி பெசன்ட் தோற்ற வழக்கும் ஜெயித்த வழக்கும்

 

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கணவரும் அவளும் பிரிந்துவிட்டார்கள். "பையன் யார்கிட்ட இருக்கணும்னு கோர்ட்டுதான் சொல்லுமாம் சார். அம்மாவுக்கு உரிமை இருக்கா?" என்று கேட்டாள். நான் வக்கீல் இல்லை. சமூக அறிவியல் நடத்தியவன். எனக்குத் தெரிந்த பழைய வழக்குகளைச் சொன்னேன்.

அன்னி பெசன்ட் அம்மையாரை ஹோம் ரூல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இது அந்தப் பாடத்தில் இல்லாதது. இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மனைவியாக இருந்த அவர், 1873-இல் கணவரைப் பிரிந்தார். மகன் தந்தையிடம், மகள் மேபல் தாயிடம் என்று ஏற்பாடு. தாய் நாத்திகம் பேசினார், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். அதைக் காட்டித் தந்தை கோர்ட்டுக்குப் போக, 1878-இல் நீதிபதி ஜெசல் மேபலைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னார். குழந்தைக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. தாய் அன்பாகத்தான் வளர்த்தார் என்று அந்த நீதிபதியே ஒப்புக்கொண்டார். அப்படியும் பிடுங்கினார்கள். வயது வந்ததும் மகனும் மகளும் தாயிடமே திரும்பி வந்தார்கள் என்பது வேறு கதை.

முப்பத்தைந்து வருஷம் கழித்து சென்னையில் அதே அம்மையார் எதிர்ப்பக்கம் நிற்கிறார். மனைவியை இழந்த நாராயணய்யா 1910-இல் தன் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரின் பொறுப்பையும் பெசன்ட்டுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். ஆமாம், பின்னால் உலகமே அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்திதான். பிறகு தந்தை மனம் மாறிப் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டார். பிள்ளைகளோ இங்கிலாந்தில். வழக்கில் தந்தைக்கு சி.பி. ராமசாமி ஐயர் வக்கீல். பெசன்ட் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். (இதே சி.பி. சில வருஷத்தில் அவருடைய ஹோம் ரூல் இயக்கத்திலேயே சேர்ந்தார். அரசியல்!)

1913-இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்கே தீர்ப்புச் சொன்னது. அப்பீலிலும் அப்படியே. 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி இப்படி உத்தரவு போட சென்னைக்கு அதிகாரமில்லை என்பது ஒரு காரணம். பையன்களின் விருப்பத்தை யாரும் கேட்கவே இல்லை என்பது இன்னொன்று. விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்கலாம் என்று 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்திலேயே இருக்கிறது.

பிறகும் சட்டம் மெதுவாகத்தான் நகர்ந்தது. இந்துக்களுக்கான 1956 சட்டம் தந்தை, "அவருக்குப் பிறகு" தாய் என்றது. ஐந்து வயது வரை குழந்தை பெரும்பாலும் தாயிடம். சென்னையிலிருந்து மேலே போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று சொன்னது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போக, அப்பா கையெழுத்து கேட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். "பிறகு" என்றால் தந்தை இறந்த பிறகு மட்டுமல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும்தான் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது.

அதற்கு ஆறு வருஷம் முன்னால் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாலாம் வகுப்புப் பையன். கணவனைப் பிரிந்து வந்த தாய் காபித் தோட்டத்தில் கூலிக்குப் போய் அவனைப் படிக்க வைத்தாள். ஒருநாள் தந்தை வந்து டி.சி. கேட்டார். அன்று பள்ளிப் பொறுப்பு என்னிடம். ரிஜிஸ்டரில் தந்தை பெயர்தான் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். பையன் பையைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். "போறியாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் தாய் பழம் பறித்துவிட்டு வந்தபோது பஸ் மலை இறங்கியிருந்தது.

இதையும் மாணவியிடம் சொன்னேன். "பையன் என்ன சொல்றான்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இன்னும் கேக்கல சார்."

அம்மா வேணுமா அப்பா வேணுமா என்று கேட்டுவிடாதே, எந்தப் பள்ளிக்கூடம், ராத்திரி எங்கே பயமில்லாமல் தூக்கம் வருது, அதைக் கேள் என்றேன். நாளைக்குப் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.