கணக்கின் சாவி யாரிடம்?

இணையக் கடைகளின் விளம்பரக் கணக்குகளைப் பார்ப்பதும் என் வேலைதான். போன வருடம் ஒரு கடையில் நிர்வாகி அனுமதி ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் தொடங்கிய விளம்பரம் மூன்று வாரம் காசைத் தின்றது. நிறுத்த யாருக்கும் அனுமதி இல்லை.

இந்தத் தலையிடி பழையது. 1961இல் எம்ஐடியில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர வழி செய்தது. ஆளுக்கொரு கடவுச்சொல்லும் அங்கே வந்தது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்தன. அடுத்த வருடமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்குக் கிடைத்த நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பையே அச்செடுத்து மற்றவர்களின் நேரத்தில் வேலை செய்தார். (பொறியியல் மாணவன் வேறென்ன செய்வான்!)

1998இல் பில் குரோஸின் கோடூ.காம் தேடல் முடிவுகளில் இடத்தை ஏலம் விட்டது. யாராவது சொடுக்கினால்தான் கட்டணம். அமேசானில் விற்பவர்கள் பொருளை முன்னே காட்டுவதும் இப்போது இப்படித்தான். ஆக, கணக்கைத் திறப்பவர் கல்லாப்பெட்டியையும் திறக்கிறார்.

அனுமதியை ஆளுக்கல்ல, பொறுப்புக்குக் கொடு என்ற முறையை 1992இல் ஃபெராயோலோவும் கூனும் எழுதினார்கள். படம் மாற்றுபவர் செலவு வரம்பைத் தொட முடியாது.

அந்தக் கடையில் இப்போது ஏழு பேரும் நிர்வாகிகள். ஒருவரிடமிருந்து எடுப்போம் என்றால், "என்னை நம்பவில்லையா?" என்கிறார்கள்.