ஞாயிறு ஓட்டமும் புதுக்கோட்டை சைக்கிளும்

விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளம் பக்கம் “பொம்பளைகள்லாம் ஓடுறாங்க” என்று யாராவது சொன்னால், கேட்பவருக்கு வயிறு கலங்கும். எந்த ஆபீஸில் வெடி என்றுதான் அடுத்த கேள்வி வரும். பட்டாசு ஆலைக்கு இங்கே ஆபீஸ் என்றுதான் பெயர். 2021 பிப்ரவரி 12 மதியம் இந்த ஊர் ஆலையொன்று வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் பலர். இந்த ஊரை மனதில் வைத்துக்கொண்டு, பெண்கள் கூட்டமாகச் சாலைக்கு வந்த இரண்டு முயற்சிகளைப் பார்க்கிறேன்.

முதலாவது பிங்கத்தான். 2012-இல் மிலிந்த் சோமனும் ரீமா சங்வியும் மும்பையில் தொடங்கிய, பெண்கள் மட்டும் ஓடும் ஓட்டம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வைச் சொல்லிச் சென்னை உட்படப் பல நகரங்களுக்குப் போனது. சேலை கட்டியும் ஓடினார்கள், கைக்குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டும் ஓடினார்கள். வயசுக்கு வந்த நாளிலிருந்து “ஓடாதே, மெல்ல நட” என்று கேட்டே வளர்ந்தவர்கள் நடுரோட்டில் மூச்சிரைக்க ஓடுவது சின்னக் காரியமில்லை.

இரண்டாவது, 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்கள், களையெடுக்கும் பெண்கள், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கில் மிதித்தார்கள். சைக்கிள் வாங்கப் பெண் தொண்டர்களுக்கு வங்கிக் கடனுக்கும் ஏற்பாடானது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாமே! 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்டோர் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள்.

கூட்டத்தின் தைரியம் இரண்டிலும் ஒன்றுதான். மறுநாள்தான் வேறு. பிங்கத்தான் முடிந்து ஞாயிறு காலை சாலைத் தடுப்புகளை எடுத்ததும் ரோடு பழையபடி ஆகிவிடுகிறது. அடுத்த நாள் அதே ரோட்டில் தனியாக ஓடும் பெண்ணுக்குப் பக்கத்தில் யாருமில்லை. புதுக்கோட்டையில் சைக்கிள் வாசலில் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், அப்பனையோ அண்ணனையோ கெஞ்சாமல், தண்ணீர்க் குடத்தோடும் விளைச்சல் மூட்டையோடும் அந்தப் பெண் தினமும் அதே ரோட்டில் போனார்.

ஆனால் ஓட்டம் கேட்கும் உரிமை பெரியது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் வந்த தங்கள் நூலில் மும்பையை வைத்துச் சொன்னது இதுதான்: தெருவில் நிற்கும் பெண் ஏதாவதொரு வேலையைக் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது, காரணமே இல்லாமல் நிற்கவும் அவளுக்கு உரிமை வேண்டும். ஓட்டத்தில் குடமும் இல்லை, மூட்டையும் இல்லை. புதுக்கோட்டையிலும் இந்த ஆசை இருந்தது. பத்திரிகையாளர் சாயிநாத் அங்கே சந்தித்த ஆசிரியை ஒருவர் சொந்த சைக்கிள் இல்லாததால் தினமும் மாலையில் அரைமணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார். எங்கேயும் போவதற்காக இல்லை.

எனக்குப் புதுக்கோட்டையே ஒரு படி மேல். கூலிக்காரருக்கும் அது எட்டியது. விடியுமுன் சோறு பொங்கிவிட்டு கம்பெனி வேன் ஏறும் அச்சங்குளத்துப் பெண், பதிவுக் கட்டணம் கட்டி, ஷூ வாங்கி, ஓடச் சென்னை வரமாட்டார். நகரத்தில் ஓட்டம் நடத்துகிறவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சங்குளம் பக்கத்து ஏழாயிரம்பண்ணை ரோட்டுக்கு வாருங்கள். கட்டணம் வாங்காதீர்கள். போகும்போது பத்து சைக்கிளை விட்டுவிட்டுப் போங்கள்.